'நான் டேங்க், நீ சப்போர்ட்': விளையாட்டுப் பாத்திர வகைகளும் இணையச் சண்டைகளும்

இரண்டாம் படிவத்தில் எனக்கு இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். தொடக்கப்பள்ளியிலிருந்தே ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள். ஒரு திங்கட்கிழமை பார்த்தால் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். "என்னப்பா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவன்தான் பதில் சொன்னான்: "மொபைல் லெஜண்ட்ஸ் டீச்சர்." ஒரு விளையாட்டுக்குப் போயா இப்படி என்று சொல்லிவிட்டு நான் பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

அது என் தவறு. அடுத்த சில வாரங்களில் அந்தச் சண்டை வகுப்பின் புலனக் குழுவுக்கு வந்தது, வகுப்பே இரண்டு கட்சியானது, ஒரு பையன் குழுவிலிருந்து வெளியேறினான், பிறகு பள்ளிக்கு வருவதையும் குறைத்துக்கொண்டான். அம்மா தொலைபேசியில் அழைத்த பிறகுதான் நான் அந்த உரையாடலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஓர் ஓய்வுவேளை போதவில்லை. படித்து முடித்தபோது தமிழாசிரியராக எனக்கு ஒன்று உறைத்தது: இவர்கள் ஒரே கேள்வியைப் பற்றிச் சண்டை போடவே இல்லை. ஒருவன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறான், மற்றவன் வேறொரு கேள்விக்கு. இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. பாத்திர வகைகள் எங்கிருந்து வந்தன, அவற்றை வைத்து ஐம்பது ஆண்டாக ஏன் சண்டை ஓயவில்லை என்று தெரிந்தால், நம் மாணவர்கள் திரையில் அடித்துக்கொள்ளும்போது நாம் நுழைய ஒரு வாசல் கிடைக்கும். விளையாட்டே தெரியாதவர்களும் படிக்கலாம். நானும் ஆடத் தெரியாதவள்தான்.

முதலில் மொபைல் லெஜண்ட்ஸ் பற்றிக் கொஞ்சம். ஐந்து பேர் ஓர் அணி, எதிரணியில் ஐந்து பேர். நாயகர்களை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: டேங்க், ஃபைட்டர், அசாசின், மேஜ், மார்க்ஸ்மேன், சப்போர்ட். டேங்க் முன்னால் நின்று அடி வாங்குபவன். மார்க்ஸ்மேன் தூரத்திலிருந்து சுடுபவன். சப்போர்ட் மற்றவர்களுக்கு உயிர் கொடுத்து, காப்பாற்றி, பின்னால் இருந்து உதவுபவன். ஆட்டம் முடிந்ததும் ஒரு பட்டியல் வரும்: யார் எத்தனை பேரை வீழ்த்தினார்கள், எத்தனை முறை வீழ்ந்தார்கள், எத்தனை முறை துணை நின்றார்கள்.

இந்தப் பிரிவினை இந்த விளையாட்டில் பிறந்ததல்ல. வேரைத் தேடிப் போனால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூருக்குப் போவோம். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அங்கிருந்துதான் வெளிவந்தது. கணினி கிடையாது. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர், தாள், பென்சில், பகடை. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் 'டன்ஜன் மாஸ்டர்'. அவர்தான் கதை சொல்பவர், எதிரிகளை இயக்குபவர், விதியில் சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்பவர். கடைசியில் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் பதிப்பில் மூன்றே வகை: போர்வீரன், மந்திரவாதி, கிளெரிக் எனப்படும் இறைப்பணியாளன். மூன்றாவது வகை வந்த கதை சுவையானது. ஆர்னசனின் நண்பர் குழுவில் ஒருவரின் பாத்திரம் இரத்தக் காட்டேரியாகி மற்றவர்களைத் திணறடித்தது. அதை அடக்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் சிலுவையும் வழிபாடுமாகக் கிளெரிக் வந்தான். அதாவது, வகை என்பதே ஒரு குழுவில் எழுந்த 'இது நியாயமில்லை' என்ற முணுமுணுப்புக்குக் கிடைத்த பதில்! அடுத்த ஆண்டே, 1975-இல், திருடனும் பேலடின் என்ற அறவீரனும் சேர்ந்துகொண்டார்கள். இன்று நம் பிள்ளைகள் சொல்லும் டேங்க், சப்போர்ட் எல்லாம் இந்தப் போர்வீரன், கிளெரிக் ஆகியோரின் பேரப்பிள்ளைகள்தாம்.

இனி, சண்டைக்கு வருவோம். இந்த உலகில் மிகப் பழைய சண்டை, மந்திரவாதி பெரியவனா, போர்வீரன் பெரியவனா என்பது. வெளியே இருந்து பார்த்தால் பிள்ளைத்தனமாகத் தெரியும். விதிகளைப் பார்த்தால் அப்படி இல்லை. 1978-இன் விதிநூல்படி தொடக்க நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். உயிர்ப்புள்ளிக்கு நான்குமுகப் பகடை. ஒன்று விழுந்தால் ஒரே புள்ளி, பூனை பிறாண்டினாலும் செத்துப்போவான். போர்வீரனுக்குப் பத்துமுகப் பகடை, தினம் முழுக்க வாள் வீசலாம். ஆனால் மந்திரவாதி ஐந்தாம் நிலைக்கு வந்ததும் தீக்கோள மந்திரம் கற்றுக்கொள்ளலாம். நிலைக்கு ஒரு பகடை என்று ஐந்து பகடைச் சேதம், அதுவும் ஒருவனுக்கு அல்ல, அந்த இடத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும். பத்தாம் நிலையில் பத்துப் பகடை. போர்வீரன் படிப்படியாக ஏறுகிறான், மந்திரவாதி பாய்ந்து ஏறுகிறான்.

இப்போது பாருங்கள். ஒருவருடைய நண்பர் குழு எப்போதும் நான்காம் நிலைக்குள் கதையை முடித்துவிடும். அவருக்குத் தெரிந்த மந்திரவாதி ஒரு நோஞ்சான், போர்வீரன் முதுகுக்குப் பின்னால் ஒளிபவன். இன்னொருவருடைய குழு பன்னிரண்டாம் நிலை வரை போகும். அவருக்குத் தெரிந்த மந்திரவாதி ஊரையே எரிப்பவன். இந்த இரண்டு பேரும் இணையத்தில் சந்திக்கிறார்கள். இருவரும் ஒரே பெயருள்ள விளையாட்டை ஆடியவர்கள், இருவரும் ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள், இருவரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் எதிரில் இருப்பவன் ஒன்று பொய் சொல்கிறான், அல்லது முட்டாள். வேறு என்ன முடிவுக்கு வருவார்கள்? 'உங்க குழு எத்தனையாவது நிலை வரைக்கும் போகும்?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்பதில்லை.

இதற்கு மேல் இன்னொரு கோணல். சிலர் கணக்குப் போட்டு வாதிடுவார்கள்: ஒரு சுற்றுக்குச் சராசரி எவ்வளவு சேதம் என்று. சிலர் கதை சொல்லி வாதிடுவார்கள்: அன்றைக்கு என் போர்வீரன் பாலத்தில் தனியாக நின்று அத்தனை பேரையும் காப்பாற்றினான் என்று. கணக்குக்காரருக்குக் கதை ஆதாரமாகத் தெரியாது. கதைக்காரருக்குக் கணக்கு விளையாட்டாகவே தெரியாது. நம் ஆசிரியர் அறையிலும் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டிப் பேசுபவரும் 'அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்' என்று பேசுபவரும் இருக்கிறார்கள் இல்லையா? அதே கதைதான்.

இரண்டாவது பெரிய சண்டை நெறிச்சார்பு பற்றியது. ஆங்கிலத்தில் அலைன்மென்ட் என்பார்கள். பாத்திரம் எதைச் சரி என்று நம்புகிறது என்பதைக் குறிக்கும் முத்திரை. 1974-இல் மூன்றே: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். மைக்கேல் மூர்காக், போல் ஆண்டர்சன் ஆகியோரின் கற்பனைப் புதினங்களிலிருந்து எடுத்தது. 1978-க்குள் அது ஒன்பது கட்டமாக விரிந்துவிட்டது. ஒரு பக்கம் ஒழுங்கு, நடு, கட்டற்ற தன்மை. இன்னொரு பக்கம் நன்மை, நடு, தீமை. ஒழுங்கான நல்லவன், கட்டற்ற நல்லவன், ஒழுங்கான தீயவன் என்று போகும். பிள்ளைகள் முகநூலில் ஒன்பது படம் போட்டு ஆசிரியர்களை வகைப்படுத்துகிறார்களே, அந்தக் கட்டம் இங்கிருந்து வந்ததுதான். (என் வகுப்பில் என்னை எந்தக் கட்டத்தில் போட்டார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை.)

பேலடின் ஒழுங்கான நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கால விதி. தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் பேலடின் தகுதி போய்விடும், திரும்பக் கிடைக்காது. சரி, ஒரு கோப்ளின் சரணடைகிறான். அவனை விட்டால் தன் கூட்டத்தை எச்சரித்துவிடுவான், பிடித்து வைத்திருக்கிற கிராமத்து மக்கள் செத்துப்போவார்கள். கொன்றால், சரணடைந்தவனைக் கொன்ற பாவம். பேலடின் என்ன செய்ய வேண்டும்? இந்த ஒரு கேள்விக்கு எழுதப்பட்ட பதில்களை அச்சடித்தால் நம் பள்ளி நூலகம் கொள்ளாது.

ஏன் முடியவில்லை? 'ஒழுங்கு' என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள். நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவது ஒழுங்கா? தனக்குத் தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டை மீறாமல் இருப்பது ஒழுங்கா? கொடுத்த வாக்கைக் காப்பது ஒழுங்கா? மூன்றும் ஒத்துப்போகிற நாளில் பிரச்சினை இல்லை. பிரிகிற நாளில்தான் சண்டை.

தமிழாசிரியர்களுக்கு இது புதிதே அல்ல. கும்பகர்ணனை நினைத்துப் பாருங்கள். கம்பராமாயணத்தில் விபீடணன் போர்க்களத்துக்கே வந்து, இராமன் பக்கம் வந்துவிடு என்று அண்ணனை அழைக்கிறான். கும்பகர்ணன் மறுக்கிறான். இராவணன் செய்தது தவறு என்று அவனுக்கும் தெரியும். அறத்தின் பக்கம் போன தம்பி ஒழுங்கானவனா, சோறிட்டவனை விட்டுப் போகாத அண்ணன் ஒழுங்கானவனா? நம் பட்டிமன்றங்கள் தலைமுறை தலைமுறையாக இதில்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. நடுவர் இருக்கிறார், ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு இருக்கிறது, மணி அடிக்கிறது. முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது.

விளையாட்டு மேசையிலும் அப்படித்தான். பேலடின் கோப்ளினைக் கொன்றால் சரியா தவறா என்று டன்ஜன் மாஸ்டர் ஒரு தீர்ப்புச் சொல்வார். பிடிக்கவில்லை என்றாலும் ஏற்றுக்கொள்வார்கள், ஏனென்றால் மணி பத்தாகிவிட்டது, அடுத்த காட்சி இருக்கிறது, எல்லாருக்கும் ஆட்டம் தொடர வேண்டும். இணையத்தில் அதே கேள்வியைப் போட்டால் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை, மணி இல்லை. அதைவிட முக்கியம், ஒத்துப்போனால்தான் அடுத்த பகடையை உருட்ட முடியும் என்ற கட்டாயம் இல்லை. சண்டை போடுபவர்கள் சேர்ந்து எதையும் ஆடவில்லை. ஒத்துப்போவதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. இணையச் சண்டை முடியாததற்கு மனிதர்களின் கெட்ட குணத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

மூன்றாவது, எனக்கு மிகவும் உதவியது: ஆடுபவர்களின் வகை. பாத்திரத்துக்கு வகை இருப்பதுபோல ஆடுபவருக்கும் வகை உண்டு என்று 1980-இலேயே கிளென் பிளாக்கோ என்பவர் எழுதினார். சிலருக்குப் பலம் சேர்ப்பதில் இன்பம், சிலருக்குப் பாத்திரமாகவே வாழ்வதில், சிலருக்குப் போர்த்தந்திரத்தில், சிலருக்குக் கதை சொல்வதில் என்றார். இதைவிடப் புகழ்பெற்றது ரிச்சர்ட் பார்ட்டில் எழுதியது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் டிரப்ஷா தொடங்கிய 'மட்' என்ற எழுத்து வடிவ விளையாட்டைச் சேர்ந்து வளர்த்தவர் பார்ட்டில். பலர் ஒரே நேரத்தில் கணினிவழி நுழைந்து ஆடும் விளையாட்டுகளுக்கு அது ஒரு முன்னோடி.

அதன் அடுத்த வடிவத்தில் மூத்த ஆட்டக்காரர்களிடையே ஒரு விவாதம் வெடித்தது: இந்த விளையாட்டிலிருந்து மக்களுக்கு என்னதான் வேண்டும்? 1989 நவம்பரில் தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதம் ஓடியது. யாரும் யாரையும் மாற்றவில்லை. பார்ட்டில் அந்த விவாதம் முழுவதையும் தொகுத்துப் பார்த்து, 1996-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ஆட்டக்காரர்கள் நான்கு வகை. புள்ளியும் புதையலும் சேர்த்து உயர நினைக்கும் சாதிப்பவர். மூலைமுடுக்கெல்லாம் தோண்டிப் பார்க்கும் தேடுபவர். மற்றவர்களோடு பேசிப் பழக வருபவர். மற்றவர்களைச் சீண்டி, அடித்து, தன் கையை ஓங்கவைக்க வருபவர். சீட்டுக்கட்டிலிருந்து முறையே டைமண்ட், ஸ்பேட், ஹார்ட், கிளப் என்று பெயரும் வைத்தார்.

இதில் எனக்குப் பிடித்தது நான்கு பெயர்களைவிட அவர் அதை எங்கே கண்டுபிடித்தார் என்பதுதான். ஆறு மாதச் சண்டையைத் தூக்கிப் போடாமல் உட்கார்ந்து படித்தார். ஆளாளுக்குப் பேசியது 'எது நல்ல விளையாட்டு' என்று தோன்றினாலும், உண்மையில் ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டிருந்தது 'நான் எதற்காக இங்கே வருகிறேன்' என்பதைத்தான். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இணையத்தில் 'பார்ட்டில் சோதனை' என்று ஒரு வினாத்தாள் சுற்றுகிறது. அது வேறு சிலர் தயாரித்தது. அதை மாணவர்களுக்குக் கொடுத்து 'நீ கிளப், நீ ஹார்ட்' என்று முத்திரை குத்தினால் நாம் இன்னொரு சண்டையைத்தான் தொடங்கிவைப்போம்.

இதே போன்ற மோதல் பெரிய அளவில் 2008-இல் நடந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு ஒவ்வொரு வகைக்கும் ஒரு பணியை வெளிப்படையாக எழுதிவைத்தது: காப்பவர், தாக்குபவர், தலைவர், கட்டுப்படுத்துபவர் என்று. போர்த்தந்திரம் பிடித்தவர்கள் மகிழ்ந்தார்கள். பாத்திரமாக வாழ வந்தவர்கள், இது கணினி விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது என்று கொதித்தார்கள். அடுத்த ஆண்டே பழைய விதிகளின் அடிப்படையில் 'பாத்ஃபைண்டர்' என்ற போட்டி விளையாட்டு வந்து, பலர் அதற்குப் போனார்கள். பல வருட நண்பர் குழுக்கள்கூட உடைந்தன.

என் இரண்டு மாணவர்களிடம் திரும்புகிறேன். உரையாடலின் தொடக்கத்தில் மார்க்ஸ்மேன் ஆடியவன் எழுதியிருந்தது: "நீ ஒரு கில்கூட எடுக்கல. சும்மாதான் இருந்த." சப்போர்ட் ஆடியவன் பதில்: "நான் இல்லன்னா நீ செத்துருப்ப." ஒருவன் பட்டியலைப் பார்க்கிறான். வெற்றி என்பது எண்ணிக்கை. மற்றவன் நண்பனைப் பார்க்கிறான். அவன் விளையாட வந்ததே இவனோடு ஆட. இரண்டும் உண்மை. ஆனால் அடுத்த சில வரிகளில் வாக்கியம் மாறுகிறது, கவனியுங்கள். "நீ சப்போர்ட் ஆடுற" என்று இருந்தது "நீ சப்போர்ட்டுதான்" என்று ஆகிறது. பிறகு "எப்பவுமே நீ சப்போர்ட்டுதான்." 'ஆடுற' என்ற வினை போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். விளையாட்டில் எடுத்த வேடம் ஆளாகவே மாறிவிட்டது. அந்தப் பையன் குழுவை விட்டுப் போனது அந்த வரிக்குப் பிறகுதான். பயனிலை பற்றி இத்தனை ஆண்டு பாடம் எடுத்த எனக்கு, ஒரு வினைச்சொல் விழுந்தால் ஒரு நட்பு விழும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் இருந்தது. மார்க்ஸ்மேன் பையன் சொன்னான்: "நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன் டீச்சர், அவனுக்குத் தெரியும்." தெரிந்திருக்குமா? ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி உள்ளிட்ட உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சில வாக்கியங்களைக் கிண்டலாகவோ உண்மையாகவோ அனுப்பச் சொல்லி, பெறுபவர் அதைச் சரியாகக் கண்டுபிடிப்பாரா என்று பார்த்தார்கள். மின்னஞ்சலில் அனுப்பியவர்கள் 78 விழுக்காடு சரியாகப் புரியும் என்று நம்பினார்கள். உண்மையில் புரிந்தது 56 விழுக்காடுதான். கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டினாலே 50 வரும்! குரலில் சொன்னபோது 73 வரை புரிந்தது. எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது. படிப்பவர் காதில் ஒலிப்பதில்லை.

பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன், வேண்டுமானால் நீங்களும் முயன்று பாருங்கள். இருவரின் அனுமதியோடு, பெயர்களை நீக்கிவிட்டு, அந்த உரையாடலிலிருந்து பத்து வரியை மட்டும் தாளில் எழுதிக்கொடுத்தேன். அதுவும் அந்த வகுப்புக்கு இல்லை, வேறொரு படிவத்துக்கு. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும், 'இவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார்?' என்று எழுதச் சொன்னேன். யார் சரி என்று எழுதக்கூடாது. அதுதான் ஒரே விதி. முதல் பத்து நிமிடம் எல்லாரும் அந்த விதியைத்தான் மீறினார்கள். பிறகு பிடித்துக்கொண்டார்கள். 'சும்மாதான் இருந்த' என்ற வரிக்கு ஒரு மாணவி, 'யார் அதிகம் செய்தது?' என்று எழுதினாள். 'நான் இல்லன்னா நீ செத்துருப்ப' என்பதற்கு, 'நான் உனக்கு முக்கியமா?' என்று எழுதினாள். நான் அந்த அளவுக்குப் போயிருக்கவில்லை.

அந்தத் தாள்களை இரண்டு பையன்களிடமும் தனித்தனியாகக் காட்டினேன். மார்க்ஸ்மேன் பையன் இரண்டாவது வரியை ரொம்ப நேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது நடவடிக்கை, கும்பகர்ணனையும் விபீடணனையும் அந்த ஒன்பது கட்டத்தில் வைக்கச் சொல்வது. கட்டத்தில் வைப்பதற்கு முன், 'ஒழுங்கு' என்றால் இந்தக் குழுவுக்கு என்ன பொருள் என்று ஒரு வாக்கியம் எழுதி மேசை நடுவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டன்ஜன் மாஸ்டர், அவர் வாதாடக்கூடாது, தீர்ப்பு மட்டும் சொல்லலாம். இருபது நிமிடம், பிறகு மணி. வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி. நான்காம், ஐந்தாம் படிவத்துக்குச் சரியாக வந்தது. முதல் படிவத்தில் சொதப்பியது. அவர்களுக்குக் கும்பகர்ணன் தூங்குபவன் என்பதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை, கதையை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த இரண்டு பேரும் உடனே கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. பள்ளி விடுமுறைக்குப் பிறகு ஒரு நாள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்கவில்லை. போன வாரம் பாடவேளை முடிந்து வெளியே வரும்போது பின்னால் குரல் கேட்டது: "இன்னிக்கு நீ சப்போர்ட் ஆடு, நான் மார்க்ஸ்மேன் ஆடுறேன்." "முடியாதுலா, எனக்கு ஆடத் தெரியாது." "நான் சொல்லித்தரேன் வா."